படத்தில் இல்லாத வெல்ல மூட்டை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரி நினைவுகள் பற்றி ஒரு கால்மணி நேரம் பேசுங்கண்ணே" என்று செயலாளர் கேட்டார். நினைவுகளை நம்பிப் பேசுவதில் எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு பயம் வந்திருக்கிறது. அந்தப் பயம் எப்படி வந்தது என்பதைத்தான் பேசப் போகிறேன். விஷயம் சினிமாவில் ஆரம்பிக்கும். ஆனால் கும்மிடிப்பூண்டியில்தான் வந்து முடியும்.

என் பேத்தி காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். படிப்பின் ஒரு பகுதியாகக் குறும்படம் எடுக்க வேண்டும். இவள் தேர்ந்தெடுத்த கதை, 1975-ல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நடப்பது. மதுவிலக்குக் காலம், கள்ளச்சாராயம், நடுவிலே மூன்று பாட்டு. எழுதி முடித்து என்னிடம் கொடுத்து, "தாத்தா, நீங்க அந்தக் காலத்து ஆளு. தப்பு இருந்தா சொல்லுங்க" என்றாள். முப்பது வருஷம் தொழிற்சாலை லேபில் மற்றவர்கள் அறிக்கையைத் திருத்தியவன் நான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

முதல் காட்சியிலேயே கதாநாயகன் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயிலிலிருந்து குதித்து இறங்குகிறான். தாம்பரம் லைனில் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. நம் பக்கம் அது வந்தது 1979-ல். சுழித்தேன். கதாநாயகன் "பிளஸ் டூ பெயில்". பிளஸ் டூ தமிழ்நாட்டுக்கு வந்தது 1978-ல். நாமெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இதே கட்டடத்தில் பி.யூ.சி. படித்தவர்கள். ஜீப்பில் "டி.என்." என்று தொடங்கி மாவட்ட எண் வரும் நம்பர் பிளேட். அந்த முறை 1989-ல் வந்தது. போலீஸ் ஸ்டேஷன் பலகையில் "திருவள்ளூர் மாவட்டம்". நம் மாவட்டம் பிறந்தது 1997 ஜனவரியில். 1975-ல் நாம் செங்கற்பட்டு மாவட்டக்காரர்கள்.

அதே பலகையில் "காவல் நிலையம்" என்று எழுதச் சொல்லியிருந்தாள். அதில் வரும் "லை" எப்படி இருக்க வேண்டும்? இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு சுழி போட்டு எழுதுவோம். 1978-ல்தான் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று இன்றைய "லை"யைக் கொண்டுவந்தது. "ஒரு எழுத்துக்குக்கூடவா தாத்தா?" என்றாள். "ஆமாம்மா, அந்த எழுத்தைத் தப்பா எழுதினதுக்கு நான் அடி வாங்கியிருக்கேன்" என்றேன்.

பாட்டுக்கு வந்தேன். டீக்கடையில் டேப் ரிகார்டர் பாடுகிறது. கிராமிய மெட்டு, புல்லாங்குழல், பின்னால் வயலின்கள். கேட்டால் யாரும் இளையராஜா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இளையராஜாவின் முதல் படமான "அன்னக்கிளி" வந்தது 1976-ல். 1975-ல் நம் ஊர் டீக்கடையில் பாடியது ரேடியோ. இலங்கை வானொலியில் எம்.எஸ். விஸ்வநாதன் பாட்டுக்காக நாம் காத்துக் கிடந்த காலம் அது.

இப்படிக் காலம் மாறி வந்து நிற்கும் தவறைக் காலமுரண் என்கிறார்கள். பேத்தியின் முகம் வாடிவிட்டது. சமாதானத்துக்கு ஒரு விஷயம் சொன்னேன். அமெரிக்காவில் 1920-லிருந்து 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்தை வைத்து எத்தனையோ பாட்டுப் படங்கள் வந்திருக்கின்றன. அதில் பேர்போனது பில்லி வைல்டர் 1959-ல் எடுத்த "சம் லைக் இட் ஹாட்". கதை 1929-ல் நடக்கிறது. ஆரம்பத்திலேயே சவப்பெட்டிக்குள் சாராய பாட்டில்கள் போகும். அதில் மர்லின் மன்றோ கடைசியில் உருகி உருகிப் பாடுகிற பாட்டு 1931-ல்தான் பிறந்தது. அதனால் படம் கெட்டுப் போய்விட்டதா? இல்லை. ரெண்டு வருஷம் முன்பின்னாகப் பாட்டு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பெரிய பெரிய ஆட்களே செய்த தவறுதான் என்று தட்டிக் கொடுத்தேன்.

எந்த மதுவிலக்கு?

அதற்கப்புறம்தான் நான் மாட்டிக்கொண்டேன். கதையில் 1972-ல் நடந்ததாக ஒரு பழைய சம்பவம் வருகிறது. கதாநாயகனின் அப்பா பட்டப்பகலில் சாராயக்கடை வாசலில் நின்று குடிக்கிறார். அதைச் சுற்றி வட்டம் போட்டு, "பெருந்தவறு. மதுவிலக்குக் காலம். எங்கள் காலத்தில் கடையே கிடையாது" என்று எழுதினேன்.

பேத்தி ஒரு நாள் கழித்து வந்தாள். "தாத்தா, இதுல நீங்கதான் தப்பு."

அவள் சொன்னது சரி. நாம் மதுவிலக்குக் காலம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எந்த மதுவிலக்கு? 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்தார். கள் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1946-லிருந்து படிப்படியாகத் திரும்ப வந்து, ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க அமலானது. 1971-ல் கலைஞர் அரசு அதைத் தள்ளிவைத்தது. கடைகள் திறந்தன. 1973, 1974-ல் அதே அரசு கடைகளை மூடி மதுவிலக்கை மறுபடி கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் மட்டும் தடையாயின. 1990-ல் மலிவு விலை மது, 1991-ல் அதற்கு மூடுவிழா. 2003-லிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது.

ஆக, 1972-ல் கடை வாசலில் குடித்த அப்பா சட்டப்படி குடித்தவர். அதே மனிதர் அதே கையால் அதே சாராயத்தை 1975-ல் குடித்தால் குற்றவாளி. ஒரு படம் எழுபதுகளில் நடக்கிறது என்று சொன்னால் போதாது. எந்த வருஷம் என்று சொல்ல வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது சந்தைக்குப் போகிற வழியில் கடை இருந்தது. அதன் வாசலில் சைக்கிள்கள் சாய்ந்து நின்றதைப் பார்த்தபடிதான் பள்ளிக்கூடம் போனேன். அந்த மூன்று வருஷத்தை என் ஞாபகம் துடைத்துப் போட்டுவிட்டது. சினிமாக்காரன் செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன், நேரில் இருந்தும்கூட.

1949-ன் பாட்டு

"அப்ப அந்தக் காலத்துலயே எடுத்த படத்தைப் பார்த்தா உண்மை தெரியுமா?" என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு பேரும் உட்கார்ந்து "நல்லதம்பி" பார்த்தோம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடித்து, அறிஞர் அண்ணா எழுதி, கிருஷ்ணன் பஞ்சு இயக்கி 1949-ல் வந்த படம். மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த சில மாதங்களுக்குள் வெளியானது. பிராங்க் காப்ரா 1936-ல் எடுத்த ஓர் அமெரிக்கப் படத்தின் கதையைத் தழுவியது. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் நம் ஊர்ச் சரக்கு. நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டு, சிதம்பரத்துக்குப் பதிலாகப் படிப்பைத் தேடிப் போகும் கிந்தனாராக்கிக் கலைவாணர் செய்த காலட்சேபம் அதில்தான் இருக்கிறது. மதுவிலக்குப் பிரசாரமும் பாட்டாகவே வருகிறது.

இந்தப் படத்தில் காலமுரண் தேட முடியாது. வேட்டி, வண்டி, விளக்கு எல்லாம் அசல். காமிரா முன்னால் நின்றதே 1949. அதனால் அதில் வருவதெல்லாம் உண்மை என்று ஆகிவிடுமா? குடி ஒழிந்தது, குடும்பம் தழைத்தது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அது பொய்யில்லை, ஆசை. சேலத்தில் மதுவிலக்கு வருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1929-ல், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜியும் கல்கியும் "விமோசனம்" என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அந்தத் தலைமுறையின் ஆசை அது. ராஜாஜியின் கட்சிக்கு எதிர்முகாமில் இருந்தவர் அண்ணா. இந்த விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம். 1967-ல் முதலமைச்சரானபோதும் அண்ணா மதுவிலக்கை எடுக்கவில்லை.

இதில் இன்னொரு வகைத் தவறு இருக்கிறது. அது பார்ப்பவன் செய்வது. 1971-ல் கடை திறந்ததும், இன்றைய டாஸ்மாக்கும் தெரிந்த மனசோடு "நல்லதம்பி" பார்த்துவிட்டு, "பாருங்க, என்ன வேஷம்" என்று சிரிக்கிறோம். அந்தப் பாட்டைப் பாடினவர்களுக்கு 1971 தெரியாது. நமக்குத் தெரிந்ததை அவர்கள் தலையில் வைப்பதும் காலமுரண்தான்.

2021-ன் படம்

அப்புறம் பா. ரஞ்சித்தின் "சார்பட்டா பரம்பரை". 2021 ஜூலையில் வந்தது. நம் பக்கத்து வடசென்னைக் கதை. நெருக்கடி நிலைக் காலம். 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது கதையின் திருப்பத்திலேயே வருகிறது. குத்துச்சண்டை வீரன் கபிலன் பிற்பகுதியில் கள்ளச்சாராயத் தொழிலுக்குப் போய்ச் சீரழிந்து, பிறகு மீண்டு வருகிறான். படம் வந்தபோது எல்லோரும் சரித்திரம் பேசினார்கள். எம்.ஜி.ஆரின் பங்கை மறைத்துவிட்டார்கள் என்று அ.தி.மு.க. தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. எந்தத் தலைவர் எவ்வளவு வந்தார் என்பதே விவாதமாயிற்று.

என் பேத்தியின் சிநேகிதி ஒருத்தி கூட உட்கார்ந்து பார்த்தாள். அவள் கேட்டது வேறு: "ஏன் ஒளிச்சு வச்சு விக்கிறாங்க? கடைக்குப் போய் வாங்கலாமே?" கடை இல்லாத ஒரு தமிழ்நாட்டை அந்தப் பெண்ணால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 2003-க்கப்புறம் பிறந்தவள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம்மில் பலர் அதற்கு நேர் எதிராக, "அந்தக் காலத்துல குடியே கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ரெண்டும் தவறு. கடை கிடையாது, குடி இருந்தது. சைக்கிள் டியூப்பில் சாராயம் போனதை இங்கே பார்க்காதவர் யார்? வார்னிஷ் குடித்தவர்கள் இருந்தார்கள். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, அங்கே சாராயம் சட்டப்படி விற்றது. 1992-ல் நெல்லூர் மாவட்டத்துப் பெண்கள் கிளர்ந்தெழுந்து, 1993-ல் அங்கே சாராயம் தடையாகி, 1995-ல் முழு மதுவிலக்கும் வந்தது. அதே எல்லையை அவர்கள் இந்தப் பக்கமாகத் தாண்டினார்கள். 1997-ல் அதுவும் தளர்ந்தது. எல்லைக் கோடு அப்படியே இருந்தது, தாகம்தான் திசை மாறியது.

பேரேடு

பேத்தி கதையைத் திருத்தி எழுதினாள். ஊறல் போடும் காட்சி எழுதும்போது என்னிடம் வந்து, "தாத்தா, பானை சரி, பட்டை சரி. இவ்வளவு வெல்லம் எங்கேருந்து வரும்?" என்று கேட்டாள்.

நண்பர்களே, நான் பதில் சொல்லவில்லை. "மளிகைக் கடையிலதான்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனேன்.

என் அப்பாவுக்கு எல்லை ஓரத்துக் கிராமத்தில் மளிகைக் கடை இருந்தது, உங்களில் சிலருக்குத் தெரியும். அப்பாவின் பழைய பேரேடுகள் பரணில் கிடந்தன. அன்று ராத்திரி இறக்கிப் பார்த்தேன். பொங்கல் மாசத்தில் வெல்லம் நிறைய விற்றதாகத்தான் எனக்கு ஞாபகம். பேரேடு வேறு சொல்லியது. 1972-ல் மற்ற மாசங்களில் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை. 1975-ல் மாசம் ஒன்பது, பத்து மூட்டை. ஆடியிலும் பத்து, புரட்டாசியிலும் பத்து. எங்கள் ஊரில் இருந்ததே நூறு குடும்பம். எந்தப் பண்டிகைக்கு, எந்தப் பொங்கலுக்கு? அரசாங்க உத்தரவைத் தேட வேண்டாம், மதுவிலக்கு எப்போது திரும்பி வந்தது என்பதை அப்பாவின் வெல்லக் கணக்கே காட்டிக் கொடுத்துவிட்டது. வாங்கியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மற்ற எல்லா வரியிலும் பெயர் இருக்கிறது.

அதே நோட்டில், அதே ஜூன் மாசத்தில், அப்பா கையெழுத்தில் இன்னொரு வரி: "காலேஜ் பீஸ்." அது நான்.

அப்பா நல்லவர். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. கடையில் காந்தி படம் மாட்டியிருந்தார். வெல்லம் விற்பது குற்றமில்லை. "யாருக்குன்னு நான் கேக்கறதில்லப்பா" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னது இப்போது காதில் விழுகிறது. அப்போதும் விழுந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒருவர் 1976 தீபாவளிக்கு மறுநாள் காலையில் கண் திறந்தார், பார்வை இல்லை. பிறகு பத்து வருஷம் தன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வேதியியல் படித்தவன். வெல்ல ஊறலால் அப்படிக் கண் போகாது. போதை ஏற்றத் தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கலந்திருப்பார்கள், அதில் மெத்தனால் இருந்திருக்கும். அது உடம்புக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். ஆகவே அப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். படித்த வேதியியல் எனக்கு நல்ல வக்கீலாக இருந்தது. ஆனால் அந்த வியாபாரம் ஒரே சங்கிலி. ஒரு முனையில் வெல்ல மூட்டை, மறுமுனையில் அந்த மகனின் கை.

நம் சங்கத்தில் பாதிப் பேர் சிப்காட்டில் வேலை பார்த்தவர்கள். மெத்தனால் டிரம்மைக் கையாண்டவர்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் மண்டையோட்டுப் படம் நமக்குப் பழகிப்போன படம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சாராயத்தில் கலந்து ஆளைக் கொன்றது அதே மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஊரெங்கும் அரசுக் கடை இருக்கும்போதே இது நடந்தது. கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பாட்டும், திறந்தால் சரியாகிவிடும் என்று ஒரு பாட்டும் கேட்டாயிற்று. சரித்திரம் இரண்டுக்கும் தலையாட்டவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு படத்தில் தவறாக இருப்பதைக் கண்டுபிடிக்கச் சிவப்புப் பேனா போதும். மின்சார ரயில், நம்பர் பிளேட், தும்பிக்கை லை எல்லாவற்றையும் நான் அரை மணியில் பிடித்துவிட்டேன். இல்லாமல் போனதைப் பிடிப்பதுதான் கஷ்டம். நான் பார்த்த மதுவிலக்குக் கதைகளில் காய்ச்சுகிறவன் வருகிறான், குடிக்கிறவன் வருகிறான், பிடிக்கிற போலீஸ் வருகிறார், அழுகிற மனைவி வருகிறாள். பெயர் எழுதாமல் வெல்லம் நிறுத்துக் கொடுத்த கடைக்காரர் வரவில்லை. அந்தக் காசில் படித்துப் பட்டம் வாங்கிய பையனும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பேரேட்டைப் பேத்தியிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். "கொள்ளுத் தாத்தாவைப் படத்துல வைக்கலாமா?" என்று கேட்டாள். "வை. ஆனா வில்லனா வைக்காதே, அவர் அப்படி இல்லை. நல்லவரா மட்டும் வச்சும் விட்டுடாதே" என்றேன். அவள் ஒரே ஒரு காட்சி எழுதினாள். கடைக்காரர் தராசைப் பார்க்கிறார், எதிரே நிற்பவன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ரேடியோ. பாட்டு எதுவும் இல்லை, செய்தி வாசிக்கிறார்கள். காட்சி முக்கால் நிமிஷம்தான். நான் எதுவும் திருத்தவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம்மிடம் படம் எடுக்கும் பிள்ளைகளும், எழுதும் பிள்ளைகளும் கேள்வி கேட்டு வருவார்கள். "அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்காதீர்கள். வருஷத்தைச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் பரணில் ஏறிப் பழைய நோட்டைப் பாருங்கள். அதில் நம் பெயரும் இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்த வருஷ மலரில் உங்கள் வீட்டுப் பேரேட்டிலிருந்தும் ஒரு பக்கம் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.